கன்றும் ஆராய்ச்சி மணியும்

தேர்க்காலில் அகப்பட்டு இறந்த கன்றின் கதையைத் தமிழரும் அறிவர், சிங்களவரும் அறிவர். திருவாரூரில் ஆண்ட மனுநீதிச் சோழன் மேல் ஏற்றிப் பெரியபுராணம் அதனைக் கூறுகின்றது. அனுராதபுரத்திலிருந்து ஆண்ட எல்லாளன் மேல் ஏற்றி மகாவம்சம் அதனைக் கூறுகின்றது. இரு கதைகளிலும் அரசகுமாரன் ஊர்ந்த தேர் கன்றைக் கொல்கின்றது. தாய்ப்பசு அரண்மனையில் தொங்கும் மணியின் கயிற்றை இழுக்கின்றது. அரசன் தன் மகனென்றும் பாராது தண்டம் விதிக்கின்றான். கதை நிகழ்ந்ததா இல்லையா என்பது ஒருபுறமிருக்க, நீதி எத்தகையதாக இருத்தல் வேண்டுமென்று மக்கள் எண்ணினர் என்பதற்கு அது சான்றாகும். வாயில்லாச் சீவனின் இழப்பும் கணக்கில் எடுக்கப்படல் வேண்டும். அதனை முறையிடுவதற்கு ஒரு கயிறு எட்டும் தூரத்தில் தொங்குதல் வேண்டும். அந்த மணியை ஆராய்ச்சி மணி என்று நம் முன்னோர் அழைத்தனர். 'ஆராய்ச்சி' என்ற சொல் அங்கே வழக்கு விசாரணையைக் குறித்தது. இன்று விஞ்ஞானியின் தொழிலைக் குறிக்கின்றது. இரண்டும் ஒரே சொல்லாக அமைந்தது பொருத்தமே என்பதை இக்கட்டுரையின் போக்கில் வாசகர் காண்பர்.

இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஐரோப்பாவிலே ஆயிரக்கணக்கான கன்றுகள் இறந்தன. அவற்றின் இறப்புக்குக் காரணமாயிருந்தது, கன்றுகளைக் காப்பதற்கென்றே தாய்ப்பசுக்களுக்கு இடப்பட்ட ஒரு தடுப்பூசி. அது எவ்வாறு நேர்ந்தது, எவ்வாறு கண்டறியப்பட்டது என்பவற்றை அறிந்துகொள்வது, வீட்டுக்கு ஒரு பசுவும் ஒரு கன்றுமாக வாழும் யாழ்ப்பாணத்துக் குடியானவருக்கு மிகவும் வேண்டப்படுவதாகும்.

1

2007 ஆம் ஆண்டளவில் தென் ஜேர்மனியின் பண்ணைகளில் விளங்காத நோயொன்று தலைகாட்டியது. பிறக்கும்போது நலமாயிருந்து, பாலருந்தித் துள்ளித் திரிந்த கன்று, பிறந்த இரண்டாம் மூன்றாம் வாரத்தில் திடீரெனச் சோர்ந்து படுத்தது. காய்ச்சல் கண்டது. காதில் இலக்கத் தகடு குத்திய துளையிலிருந்து கசிந்த குருதி நிற்கவில்லை. ஊசி ஏற்றிய இடத்திலிருந்தும், காயமே இல்லாத தோலிலிருந்தும் குருதி வியர்வைபோல் அரும்பிற்று. சாணத்தோடும் குருதி போயிற்று. நோயுற்ற கன்றுகளிற் பத்துக்கு ஒன்பது என்னும் அளவில் இறந்தன. இறந்தவற்றை அறுத்துப் பார்த்த வைத்தியர்கள், குருதிக்கலங்களை ஆக்கும் என்பு மச்சை ஏறக்குறைய வெறுமையாய்க் கிடந்ததைக் கண்டனர். குருதியை உறையச் செய்யும் சிறுதட்டுக்களும், கிருமிகளை எதிர்க்கும் வெண்கலங்களும் ஒருங்கே அற்றுப்போன உடல் எவ்வாறு பிழைக்கும்?

ஜேர்மனியோடு அது நிற்கவில்லை. பெல்ஜியம், நெதர்லாந்து, பிரான்ஸ், இத்தாலி, பிரித்தானியா ஆகிய நாடுகளிலிருந்தும் அதே செய்தி வந்தது. பண்ணையாளர் அதனைக் 'குருதி வியர்க்கும் கன்று நோய்' என்றனர்.

காரணத்தைத் தேடியவர்கள் முதலில் பழைய குற்றவாளிகளையே ஐயுற்றனர். பன்னச் செடியைத் தின்ற மாடுகளிலும், பியுராசொலிடோன் என்னும் மருந்தை அளவுக்கு மீறிப் பெற்ற கன்றுகளிலும், நச்சுக் கரைப்பானைக் கொண்டு எண்ணெய் எடுத்த சோயாப் பிண்ணாக்கை உண்ட மாடுகளிலும் இத்தகைய குருதிப்பெருக்கு முன்னர் காணப்பட்டதுண்டு. ஆனால் இக்கன்றுகள் அவற்றில் எதனையும் தொட்டிருக்கவில்லை. சில கன்றுகளின் உடலில் வைரசு ஒன்று காணப்பட்டது. அதுவும் நோயுற்ற எல்லாக் கன்றுகளிலும் இருக்கவில்லை. இவ்வாறு ஐயங்கள் ஒவ்வொன்றாய்க் கழிந்தபின், மூன்று உண்மைகள் எஞ்சின.

ஒரு பண்ணையில் எல்லாக் கன்றுகளும் நோயுறவில்லை; ஆயினும் ஒருமுறை நோய்க்கன்று ஈன்ற பசு, அடுத்த ஈற்றிலும் நோய்க்கன்று ஈன்றதுண்டு. வேறொரு பசுவின் கன்றுக்கு அப்பசுவின் முதற்பாலைக் கொடுத்தபோது அக்கன்றும் நோயுற்றதுண்டு. நோய் தோன்றிய பண்ணைகளின் மருந்துப் பதிவுகளைப் புரட்டியபோது ஒரே தடுப்பூசியின் பெயர் மீண்டும் மீண்டும் வந்தது. பைசர் நிறுவனம் 2004 இல் சந்தைக்குக் கொண்டுவந்த 'பிரெக்ஷுவர் பி.வி.டி.' என்பதே அது.

பி.வி.டி. என்பது மாடுகளிற் பரவும் வைரசு வயிற்றோட்ட நோய். தாயின் வயிற்றிலிருக்கும் கருவை அவ்வைரசு பற்றுமானால், கன்று சிதைவுறும். அல்லது வாழ்நாள் முழுவதும் நோயைப் பரப்பிக்கொண்டே இருக்கும் உயிராய்ப் பிறக்கும். ஆகவே கருவைக் காக்கும்பொருட்டுப் பசுக்களுக்கு அத்தடுப்பூசி இடப்பட்டது. நோக்கத்திற் குறையில்லை. நோய் முதன்முதல் தென்பட்டு ஏறத்தாழ மூன்றாண்டுகள் சென்றபின், 2010 இல், அதன் விற்பனை முதலில் ஜேர்மனியிலும் பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் நிறுத்தப்பட்டது. நியூசிலாந்திலும் கன்றுகள் நோயுற்றமை கண்டு 2011 இல் அங்கும் மீட்கப்பட்டது.

2

ஊசி ஏற்றப்பட்ட பசு நலமாயிருக்க, ஊசியையே காணாத கன்று மடிந்ததன் மருமம் என்ன? அதனை விளங்கிக்கொள்வதற்கு முதற்பாலின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

கன்று ஈன்ற பசுவின் மடியில் முதலிற் சுரக்கும் மஞ்சள் நிறமான தடித்த பாலைச் சீம்பால் என்றும் கடும்பு என்றும் வழங்குகின்றோம். மனிதக் குழந்தை தாயின் வயிற்றிலிருக்கும்போதே சூல்வித்தகத்தின் வழியாகத் தாயின் நோயெதிர்ப்புப் பொருள்களைப் பெற்றுவிடுகின்றது. பசுவின் சூல்வித்தகம் அவற்றைக் கடத்துவதில்லை. ஆதலால் கன்று உலகுக்கு வரும்போது நோய்களின் முன் நிராயுதபாணியாகவே வருகின்றது. தாய் தன் வாழ்நாளில் எதிர்த்து வென்ற நோய்களின் பிறபொருளெதிரிகள் யாவும் கடும்பிலே திரண்டிருக்கின்றன. பிறந்த முதற் சில மணி நேரங்களில் மட்டும் கன்றின் குடல் அவற்றைச் சிதைக்காமல் அப்படியே குருதிக்குள் விடுகின்றது. ஒரு நாள் கழிவதற்குள் அக்கதவு அடைபட்டுவிடுகின்றது.

இவ்வுண்மையின் முதல் வாயிலைத் திறந்தவர் போல் ஏர்லிக் என்னும் ஜேர்மானிய அறிஞர். 1892 இல் அவர் எலிகளைக் கொண்டு செய்த பரிசோதனைகளில் ஆமணக்கு வித்தின் நஞ்சையும் குன்றிமணியின் நஞ்சையும் பயன்படுத்தினார். அந்நஞ்சுகளுக்குப் பழக்கப்பட்ட தாயெலியிடம் பால் குடித்த குஞ்சு, அத்தாய் ஈன்றதாயினும் மற்றொன்று ஈன்றதாயினும், அந்நஞ்சை எதிர்க்கும் வலிமை பெற்றிருந்தது. காப்பு பாலின் வழியே செல்கின்றது என்பது அதனால் நிறுவப்பட்டது. முப்பதாண்டுகளின் பின், 1922 இல், அமெரிக்காவிலே தியோபல்ட் ஸ்மித், ரால்ப் லிட்டில் என்னும் இருவர் கன்றுகளிலேயே இதனைக் காட்டினர். கடும்பு பெற்ற கன்றுகள் வாழ்ந்தன. பெறாதவற்றுட் பெரும்பாலானவை பிறந்த சில நாள்களிலேயே கிருமிகள் குருதியிற் பரவி இறந்தன.

ஏர்லிக்கின் பெயரைத் தாங்கிய ஜேர்மனியின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமே, பி.வி.டி. ஊசியின் மருமத்தை அவிழ்த்த நிறுவனங்களுள் ஒன்றாக விளங்கியது. 2011 அளவில் வெளியான ஆய்வுகள் காட்டிய உண்மை இதுவாகும். தடுப்பூசிக்குரிய வைரசு, மாட்டின் சிறுநீரகத்திலிருந்து பெறப்பட்ட கலங்களில் வளர்க்கப்பட்டது. வைரசைப் பிரித்தெடுத்தபோது அக்கலங்களின் துணுக்குகளும் மருந்தோடு வந்தன. ஒவ்வொரு விலங்கின் கலங்களின் மேலும் 'இது இன்னாருடையது' என்று காட்டும் அடையாளப் புரதங்கள் உண்டு. தன்னுடையதல்லாத அடையாளத்தைக் கண்ட பசுவின் உடல், அதனைப் பகையெனக் கருதி எதிரிகளை ஆக்கியது. மருந்தின் வீறு பெருகவேண்டுமென்று சேர்க்கப்பட்ட வலிமை மிக்க துணைப்பொருள் அந்த எதிர்ப்பையும் சேர்த்தே பெருக்கிற்று. பசுவின் சொந்தக் கலங்களில் அவ்வடையாளம் இல்லாமையால் பசுவுக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் கன்று தாயின் பாதியும் தந்தையின் பாதியுமன்றோ? தந்தைவழியே அவ்வடையாளத்தைப் பெற்ற கன்று கடும்பைக் குடித்தபோது, தாயின் எதிரிகள் கன்றின் என்பு மச்சையைத் தாக்கின.

எல்லாப் பசுக்களும் அத்தகைய எதிரிகளை மிகுதியாக ஆக்கவில்லை. எல்லாக் கன்றுகளும் அவ்வடையாளத்தைப் பெற்றிருக்கவில்லை. ஆகையால் ஊசி பெற்ற பசுக்களின் கன்றுகளில் மிகச் சிறு பங்கே நோயுற்றது. மிகச் சிறு பங்காயிருந்தமையாலேதான் மருந்து அனுமதி பெறுமுன் நடந்த பரிசோதனைகளில் அது அகப்படவில்லை. சில நூறு பசுக்களிற் காணாத கேட்டை இலட்சக்கணக்கான பசுக்களே காட்ட முடியும். ஒரு மருந்தின் பரிசோதனை அது விற்பனைக்கு வருவதோடு முடிவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

3

இக்கேடு எவரும் எதிர்பாராத புதுமை என்று கூறுவதற்கில்லை. தடுப்பு மருந்து எந்த உயிரின் உடலில், எந்தப் பாத்திரத்தில் ஆக்கப்படுகின்றதோ, அப்பாத்திரத்தின் கறையும் மருந்தோடு வருதல் கூடும். தடுப்பூசியின் வரலாறு நெடுகிலும் பக்கவிளைவுகள் பலவற்றின் வேர் இதுவே.

1796 இல் எட்வேர்ட் ஜென்னர் பசு அம்மையைக் கொண்டு மனிதரைப் பெரியம்மையினின்றும் காக்கும் வழியைக் கண்டார். பசுவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே 'வக்சீன்' என்ற பெயரும் வந்தது. பல்லாண்டுகளாக அம்மருந்து ஒருவரின் கைக் கொப்புளத்திலிருந்து மற்றொருவரின் கைக்கு மாற்றப்பட்டது. அப்போது சில இடங்களில் அம்மைப்பாலோடு மேகநோயும் மாறிற்று. 1861 இல் இத்தாலியின் ரிவால்ற்றா என்னும் ஊரிற் பல குழந்தைகளுக்கு அவ்வாறு நேர்ந்தது வரலாறாயிற்று. அதன் பின்னரே மனிதக் கையை விடுத்துக் கன்றின் தோலில் மருந்தை வளர்க்கும் முறை பரவலாயிற்று. பாத்திரத்தை மாற்றியதால் கேடு நீங்கியது; தடுப்பூசி நிலைத்தது.

மாடுகளின் கதையும் அவ்வாறே. வெக்கை நோய் என்றும் மாட்டுக் கொள்ளைநோய் என்றும் வழங்கிய பெருநோய், இந்திய உபகண்டத்து உழவரின் தொழுவங்களைத் தலைமுறை தலைமுறையாக வெறுமையாக்கி வந்தது. அதனை ஆராய்வதற்கென 1889 இல் பூனாவிலே தொடங்கப்பட்ட ஆய்வுகூடம், 1893 இல் இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவரத்துக்கு மாற்றப்பட்டது. ரொபேர்ட் கொக் 1897 இல் அங்கு வந்து, தாம் தென்னாபிரிக்காவிற் கண்ட முறையை எடுத்துரைத்தார்: நோயால் இறந்த மாட்டின் பித்தநீரை நலமான மாட்டுக்கு ஊசியால் ஏற்றுதல். அதன்பின் வந்தது இரட்டை ஊசி முறை. ஒரு பக்கத்தில் காப்புச் சீரமும் மறுபக்கத்தில் நோயுற்ற மாட்டின் குருதியும் ஏற்றப்பட்டன. அம்முறை மாட்டுக்கு நெடுங்காலக் காப்பை அளித்தது. ஆனால் குருதியோடு அக்குருதியில் மறைந்திருந்த உண்ணிக்காய்ச்சல் ஒட்டுண்ணிகளும் சென்றன. ஒரு நோயினின்று தப்பிய மாடு மற்றொரு நோய்க்கு இரையாயிற்று.

முக்தேசுவரத்தில் பணியாற்றிய ஜே. ரி. எட்வேர்ட்ஸ் 1920 களில் இதற்கு ஒரு மாற்றுக் கண்டார். மாட்டின் ஒட்டுண்ணிகள் ஆட்டில் வாழா. ஆகவே நோய் வைரசை ஆட்டில் வளர்த்தார். ஆட்டுக்கு ஆடு மாற்றி வளர்க்க வளர்க்க, மாட்டைக் கொல்லும் கடுமை வைரசில் தணிந்தது; காக்கும் ஆற்றல் எஞ்சியது. இந்தியா 1954 இல் தொடங்கிய நாடளாவிய ஒழிப்பு இயக்கத்தின் முதன்மையான ஆயுதம் அந்த ஆட்டுத் திசு மருந்தே. சமவெளி நாட்டு மாடு அதனைத் தாங்கிற்று. ஐரோப்பிய இனப் பசுவும் கலப்பினப் பசுவும் கடுங்காய்ச்சல் கண்டன, சில இறந்தன. இந்தப் பேதம் மறைக்கப்படாமல் எழுதி வைக்கப்பட்டமையாலேதான், எந்த இனத்துக்கு எந்த மருந்து என்னும் விதி உருவாயிற்று. எல்லா இனமும் தாங்கும் மருந்தைத் தேட வேண்டுமென்ற கட்டாயமும் பிறந்தது. கென்யாவின் முகூகா ஆய்வு நிலையத்திலே வால்டர் பிளவ்ரைற்றும் அவருடைய துணைவரும் 1950 களின் பிற்பகுதி முதலாகச் செய்த முயற்சியின் பயனாக அம்மருந்து 1960 களின் தொடக்கத்தில் உலகுக்குக் கிடைத்தது. சினைப்பசுவுக்கும் இளங்கன்றுக்கும் அது தீங்கு செய்யவில்லை.

பிளவ்ரைற்றின் மருந்தும் கன்றின் சிறுநீரகக் கலங்களிலேயே வளர்க்கப்பட்டது என்பது கருதத்தக்கது. உயிருள்ள வைரசாதலால் மிகச் சிறு அளவே அதற்குப் போதியது. வலிய துணைப்பொருள் எதுவும் வேண்டியிருக்கவில்லை. மாட்டின் கலத்தைப் பயன்படுத்தியது மட்டுமே பி.வி.டி. ஊசியின் குறை என்று கொள்வது தவறாகும். கலத் துணுக்குகளின் அளவும், துணைப்பொருளின் வலிமையும், மீண்டும் மீண்டும் இடப்பட்ட ஊசியும் ஒன்று கூடியதே கேடாயிற்று.

இதற்கு முன்னெச்சரிக்கையும் இருந்தது. 1960 களிலும் 1970 களிலும் அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் உண்ணிக்காய்ச்சல் வகைகளுக்கெதிரான சில மருந்துகள் மாட்டின் குருதியைக் கொண்டே ஆக்கப்பட்டன. அவற்றைப் பலமுறை பெற்ற பசுக்கள் ஈன்ற கன்றுகள் சில, கடும்பைக் குடித்தபின் செங்குருதிக்கலங்கள் சிதைந்து, மஞ்சள் பூத்து இறந்தன. தாயின் எதிரி முதற்பாலின் வழியே கன்றைத் தாக்கும் என்ற பாடம் அன்றே புத்தகத்தில் ஏறிவிட்டது. அப்பாடம் இருந்தும், முன்னிலும் வலிய துணைப்பொருளோடு ஒரு மருந்து சந்தைக்கு வந்தது. இலாபத்தை எதிர்நோக்கும் நிறுவனம் மருந்தின் வீற்றை விளம்பரம் செய்யும். வீற்றின் மறுபக்கத்தை உரத்த குரலிற் கேட்பது அந்நிறுவனத்தைச் சாராத ஒருவரின் கடமையாகவே எப்போதும் இருந்துவந்துள்ளது.

4

இத்துணையும் கேட்ட ஒருவர், 'ஊசியே வேண்டாம்' என்று முடிவு கட்டுவாராயின், அவர் வரலாற்றின் மறுபாதியைக் கேட்கவில்லை என்க.

1887 இல் இத்தாலியப் படையினரின் தேவைக்காகக் கிழக்காபிரிக்காவின் மசாவாத் துறைமுகத்துக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்ட மாடுகளோடு வெக்கை நோய் அக்கண்டத்துட் புகுந்தது என்பர் வரலாற்றாசிரியர். எதியோப்பியாவின் உழவுமாடுகள் அழிந்தன. நிலம் உழப்படாது கிடந்தது. 1888 முதல் 1892 வரை நீடித்த பஞ்சத்தில் மக்கள் பெருந்தொகையாய் மாண்டனர். பத்தாண்டுக்குள் நோய் கண்டத்தின் தென்முனையை எட்டியது. அன்று அவர்களிடம் ஊசி இருக்கவில்லை.

சரியாக நூறாண்டு கழித்து அதே வரலாறு எமது வாயிலுக்கு வந்தது. இலங்கைத்தீவு 1946 முதல் வெக்கை நோயற்றிருந்தது. நாற்பதாண்டுகளில் அந்நோயைக் கண்ட மாடும் இல்லை. அதன் குறியை அறிந்த இளைஞரும் இல்லை. 1987 இல் இந்திய அமைதிகாக்கும் படை வடக்கு கிழக்கில் இறங்கியது. படையினரின் உணவுக்கென இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு நோயும் இறங்கியது. ஆட்டில் அது மென்மையாகத் தோன்றி மறைந்திருக்கும்; மாட்டையும் எருமையையும் கொல்லும். எதிர்ப்பாற்றல் ஏதுமற்ற வடக்கு கிழக்கின் பட்டிகளில் அது பரவிற்று. 1994 இல்தான் இத்தீவில் அந்நோய் கடைசியாகக் காணப்பட்டது. அடுத்த ஆண்டு, 1995 இல், தமிழ்நாட்டின் வட ஆர்க்காட்டுப் பகுதியில் இந்தியாவின் இறுதி வெக்கையும் அடங்கியது.

அந்த ஏழாண்டுகள் எத்தகையவை என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1990 இன் பின் தீபகற்பத்துக்கு மின்சாரம் இல்லை, பாதை இல்லை, பொருள்களுக்குத் தடை. தடுப்பு மருந்தோ குளிரை விட்டு நீங்கினால் பயனிழப்பது. மனிதரின் சாவே முறையாக எண்ணப்படாத நிலத்தில் மாட்டின் சாவை எவர் எண்ணுவார்? புகையிலைத் தோட்டத்துக்கு எருவும், வண்டிக்கு இழுவையும், குழந்தைக்குப் பாலும், இக்கட்டில் விற்றுப் பணமாக்கும் சேமிப்பும் மாடாகவே இருந்த குடும்பங்களின் இழப்பு, எந்த ஏட்டிலும் ஏறாமல் மண்ணோடு மண்ணாயிற்று. போர் கொன்றவற்றுள் நோய் கொன்றவையும் அடங்கும்.

அதே காலத்தில் ஆபிரிக்காவில் போர் நடந்த மற்றொரு நிலத்திலே வேறொரு வழி காணப்பட்டது. பிளவ்ரைற்றின் மருந்தைக் குளிரின்றியும் சில வாரங்கள் தாங்குமாறு ஜெப்ரி மரினர் என்னும் கால்நடை வைத்தியர் உலர்த்தி ஆக்கினார். வைத்தியர் செல்ல முடியாத தெற்குச் சூடானிலும், எதியோப்பியாவின் அபார் பகுதியிலும், மந்தை மேய்ப்பவர்களுக்கே பயிற்சி அளித்து ஊசியை அவர்கள் கையிற் கொடுத்தனர். எழுத்தறியாத மேய்ப்பர் பலர் நோயின் குறிகளைப் பட்டம் பெற்றோருக்கு நிகராகச் சொன்னார்கள்; எங்கே நோய் மறைந்திருக்கின்றது என்பதையும் அவர்களே காட்டினார்கள். அவர்களின் கண்ணும் கையும் சேர்ந்தபோது எஞ்சிய நோயும் ஒழிந்தது. 2001 இல் கென்யாவிற் கடைசியாகக் காணப்பட்ட அப்பெருநோய் பூமியிலிருந்தே அகன்றதென 2011 இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. மனிதரின் பெரியம்மைக்குப் பின் முற்றாக ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் இதுவே.

அதே 2011 ஆம் ஆண்டிலேதான் பி.வி.டி. ஊசியின் மருமமும் வெளிப்பட்டது என்பதை வாசகர் நினைவிற் கொள்ளல் தகும். ஓர் ஊசி ஒரு பெருநோயை உலகினின்றும் துடைத்த ஆண்டும், மற்றோர் ஊசி செய்த கேடு விளங்கிய ஆண்டும் ஒன்றே. இவற்றுள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்து மற்றதை மறப்பவர், அவர் அதிகாரியாயினும் குடியானவராயினும், தவறான முடிவுக்கே வருவர்.

5

இனி எமது தீபகற்பத்தின் நிலையை நோக்குவோம்.

ஜேர்மனியின் கன்றுகளுக்கு நீதி கிடைத்தது எதனால்? ஒவ்வொரு மாட்டின் காதிலும் ஓர் இலக்கம் இருந்தது. இன்ன நாளில் இன்ன மருந்து இடப்பட்டது என்ற பதிவு இருந்தது. இறந்த கன்றை அறுத்துப் பார்க்கும் பல்கலைக்கழகம் இருந்தது. நிறுவனத்தைச் சாராமல் மருந்தை விசாரிக்கும் அதிகாரம் பெற்ற அரச நிறுவனம் இருந்தது. சுருங்கச் சொன்னால், ஆராய்ச்சி மணி தொங்கியது. அதன் கயிறு பண்ணையாளரின் கைக்கு எட்டியது. அப்படியிருந்தும் மூன்றாண்டுகள் சென்றன.

இங்கே ஒரு வீட்டில் ஒரு பசு. அதன் கன்று இரண்டாம் வாரத்தில் சோர்ந்து இறந்தால், அடிவளவில் புதைக்கப்படும். 'கண்ணூறு' என்பார் ஒருவர்; 'ஊசி போட்டதால் வந்தது' என்பார் மற்றொருவர்; 'கால தோசம்' என்பார் வேறொருவர். மூவரில் எவர் சொன்னது சரியென்று தீர்ப்பதற்கு ஓர் ஏடு இல்லை. கன்று மடிந்தால் நாட்டுப்பசு பாலையும் மறுக்கும்; வைக்கோற் கன்றைக் காட்டிக் கறக்கும் அவலம் தொடங்கும். நூறு பசுக்களுள் ஒரு கன்றை இழந்த ஐரோப்பியப் பண்ணையாளரின் இழப்பு நூற்றில் ஒன்று. ஒரு பசுவின் ஒரு கன்றை இழந்த விதவைத் தாயின் இழப்பு முழுமை. ஆயினும் முன்னவரின் இழப்பே எண்ணப்படுகின்றது. ஏழையின் இழப்பு சிறிதாயிருப்பதால் எண்ணப்படாமற் போவதில்லை. அது எண்ணப்படாமையாலேதான் சிறிதாய்த் தோற்றுகின்றது.

எண்ணாமையின் தண்டனை பிறிதொரு வழியிலும் வரும். 2020 இன் பிற்பகுதியில், மக்கள் 'அம்மை' என்றழைத்த தோற்கழலை நோய் வட மாகாணத்து மாடுகளிற் பரவியது. அந்நோய்க்கெதிரான உயிர் மருந்தை இட்டபின், சில மாடுகளில் ஊசி ஏற்றிய இடம் வீங்குவதும், ஓரிரு நாள் காய்ச்சல் காய்வதும், பால் சிறிது குறைவதும், சிறு கழலைகள் தோன்றி மறைவதும் உலகெங்கும் அறியப்பட்டவை. இவற்றை முன்கூட்டியே சொல்லி ஊசி இடும் வைத்தியரை அடுத்த முறையும் மக்கள் அழைப்பர். 'ஒன்றும் வராது' என்று சொல்லி ஊசி இட்ட வைத்தியரின் சொல்லை, வீக்கத்தைக் கண்டபின் எவரும் நம்பார். நம்பாதவர் அடுத்த நோய்க்குத் தம் மாட்டை மறைப்பர். சிறு பக்கவிளைவை மறைப்பவரே பெருநோய்க்குக் கதவைத் திறந்து விடுகின்றார்.

மறுபுறம், ஊசிக்குப் பின் நிகழ்ந்தவை யாவும் ஊசியால் நிகழ்ந்தவையுமல்ல. கன்றுகள் வயிற்றோட்டத்தாலும், குடற்புழுவாலும், கடும்பு போதாமையாலும் நாள்தோறும் இறக்கின்றன. ஊசி பெற்ற பசுக்களின் கன்றுகளில் எத்தனை இறந்தன, பெறாதவற்றின் கன்றுகளில் எத்தனை இறந்தன என்று இரண்டையும் எண்ணினாலன்றி உண்மை துலங்காது. வதந்தியைப் பழிப்பதால் வதந்தி அடங்குவதில்லை. கணக்கைக் காட்டினால் அடங்கும்.

கடும்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடும்பு கன்றுக்குக் கழிச்சலை உண்டாக்கும் என்றெண்ணி முதற் பாலைக் கறந்து அகற்றும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. கடும்பைச் சர்க்கரையிட்டுக் காய்ச்சி அயலாருக்குப் பகிர்வது நல்லுறவின் அடையாளமாய் விளங்குவதும் உண்டு. ஐரோப்பிய நிகழ்ச்சியை அரைகுறையாய்க் கேட்ட ஒருவர் 'பார்த்தீர்களா, கடும்பு நஞ்சு என்று விஞ்ஞானமே சொல்லிவிட்டது' என்று கிளம்புதல் கூடும். விஞ்ஞானம் சொன்னது அதுவன்று. குறித்த ஒரு மருந்தைப் பெற்ற பசுக்களின் கடும்பே அங்கு விலக்கப்பட்டது. அக்கன்றுகளுக்கும் மற்றொரு பசுவின் கடும்பைத் தேடிக் கொடுக்கவே வைத்தியர் கூறினர். கன்று பிறந்த சில மணி நேரத்துக்குள் அது வயிறார அருந்தவேண்டும், எஞ்சியதே அயலாருக்கு. இதனைப் பள்ளியிலும் பால் கூட்டுறவுச் சங்கத்திலும் எடுத்துச் சொல்வது நம் போன்றோரின் பணி.

செய்யவேண்டியவை பெருஞ்செலவுக்குரியவையல்ல. தடுப்பூசி பெறும் ஒவ்வொரு பசுவுக்கும் ஓர் அட்டை வேண்டும். அதில் மருந்தின் பெயரும், அதன் தொகுதி இலக்கமும், இட்ட நாளும், பசு சினையா என்பதும், வீட்டார் வாசிக்கக்கூடிய தமிழில் எழுதப்படல் வேண்டும். பசு ஈன்றபின் முதல் மாதத்தில் கன்றின் நிலை அதே அட்டையில் ஏறவேண்டும். இறந்த கன்றைப் பற்றிச் சொல்ல வருபவரைக் கடிந்து அனுப்பாமல், இலவசமாகப் பரிசோதித்து விடை கூறும் ஓரிடம் வேண்டும். ஊசியால் இழப்பு நேர்ந்தது என்று தெளிந்தால் ஈடு வழங்கும் விதி வேண்டும். ஊரின் நன்மைக்காக ஒருவர் ஏற்ற துன்பத்தை ஊரே தாங்குவதுதான் முறை. ஆண்டுதோறும் அக்கணக்கு பாற்சங்கங்களின் பலகையில் எல்லோரும் காணத் தொங்கவேண்டும்.

எல்லாளனின் மணியை இழுத்த பசுவுக்கு இறந்த கன்று திரும்பக் கிடைக்கவில்லை. இன்றைய ஆராய்ச்சியும் இறந்த கன்றை மீட்டுத் தரப்போவதில்லை. அடுத்த ஈற்றுக் கன்றை அது காக்கும். பசு இழுக்கும் மணி இக்காலத்தில் இல்லை. அதன் பொருட்டு இழுக்கவேண்டியவர், தொழுவத்தில் அதிகாலை சாணம் அள்ளும் அந்த வீட்டுப் பெண்ணே. அவர் கைக்கு எட்டும் உயரத்தில் கயிற்றைக் கட்டித் தருவது அரசினதும் அறிவாளரதும் கடன்.